பூட்டு அண்ணனுக்கு, சாவி தம்பிக்கு

என் மனைவிக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. இருவரும் ஒரே கடையில் பூட்டும் சாவியும் செய்து பிழைத்தவர்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அண்ணன் சாவியை உள்ளே வைத்துவிட்டுத் தன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே மாட்டிக்கொண்டார். அவர் கையால் செய்த பூட்டு அது. அவராலேயே திறக்க முடியவில்லை. தம்பி வந்து அரை நிமிடத்தில் திறந்தான். அதோடு விட்டிருக்கலாம். வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த அக்கம்பக்கத்தார் எதிரில் வாய்விட்டுச் சிரித்தும் தொலைத்தான். "சாவி சுரண்டுறவனுக்குப் பூட்டைப் பத்தி என்னடா தெரியும்?" என்றார் அண்ணன். அவ்வளவுதான். கடை இரண்டாகப் பிரிந்தது. நடுவில் பலகைச் சுவர். பூட்டு அண்ணனுக்கு, சாவி தம்பிக்கு. இந்தப் பக்கம் பூட்டு வாங்குகிறவர் சாவிக்காக வெளியே வந்து, சுவரைச் சுற்றி, அந்தப் பக்க வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். ஒருவராவது இதென்ன கூத்து என்று கேட்டதில்லை என்பது என் நெடுநாள் வயிற்றெரிச்சல்.

பேச்சு நின்றது போதாதென்று கேட்பதையும் நிறுத்திக்கொண்டார்கள். ஏதாவது விசேஷத்தில் ஒரே கூடத்தில் உட்கார நேர்ந்தால் இருவரும் காதில் பஞ்சை அடைத்துக்கொள்வார்கள். ஒருவர் குரல் மற்றவர் காதில் தப்பித் தவறியும் விழுந்துவிடக் கூடாதாம். அப்புறம் சேதி போவது எப்படி? இருக்கவே இருக்கிறான் இளிச்சவாயன், வீட்டு மாப்பிள்ளை.

நான் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்கிறவன். நாலு மணி நேரம் தாமதமாக வரும் வண்டியைக்கூடக் கேட்கிறவனுக்குக் கோபம் வராதபடி சொல்வது என் தொழில். அந்தப் புத்தி வீட்டிலும் போகவில்லை. அண்ணன் சொன்னதை அப்படியே தம்பியிடம் கொண்டுபோனது முதல் வாரம் மட்டும்தான். அந்த வாரத்தில் பலகைச் சுவருக்கு மேலே ஒரு சுத்தியல் பறந்து வந்தது. மறுவாரத்திலிருந்து கொஞ்சம் திருத்தினேன். பிறகு நிறையத் திருத்தினேன். கடைசியில் அவர்கள் சொல்லாததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். "அவன் இன்னும் உயிரோடதான் இருக்கானா?" என்று அண்ணன் கேட்டால், "உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டாருப்பா" என்று தம்பியிடம் சொல்வேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். நான் கல்யாணம் பண்ணிக்கொண்ட பாவத்துக்கு ஆயிரம் பொய் சொன்னேன்.

பலன் இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இருவரும் பேசாமலே ஒருவர் மேல் ஒருவர் கொஞ்சம் இளகியிருந்தார்கள். ஒரே ஒரு ஆபத்துதான். என்றைக்காவது நேருக்கு நேர் பேசிக்கொண்டால் ஐந்தே நிமிடத்தில் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும். ஆறு வருடமாகக் கேட்ட நல்ல வார்த்தை அத்தனையும் பொய் என்று தெரிந்தால் மிச்சமிருக்கும் ஒட்டும் அறுந்துபோகும். என் மனைவிக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை என்றாகும். புருஷனும் இருப்பானா என்பது சந்தேகம்.

இந்த நிலையில் என் தொண்டையில் முடிச்சு விழுந்தது. அறுத்து எடுத்த டாக்டர், முப்பது நாள் ஒரு சத்தம் வரக் கூடாது, முணுமுணுப்பும் கூடாது, மீறினால் குரல் போனது போனதுதான் என்றார். எழுதிக் காட்டுவதற்காக அண்ணன் ஒரு தகரத் தகடு வெட்டிக் கொடுத்தார். தம்பி அதற்கு வெள்ளை பெயின்ட் அடித்துக் கொடுத்தான். என் மனைவி பேனா வாங்கி வந்தாள். அது பார்சல் மூட்டையில் விலாசம் எழுதுகிற பேனா. எழுதினால் மழையில் நனைத்தாலும் போகாது. ஒவ்வொரு வாக்கியத்தையும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் தேய்த்துத் தேய்த்துத்தான் அழித்துக்கொண்டிருந்தேன்.

முப்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. "நாளைக்கு நீங்க பேச ஆரம்பிச்சுடுவீங்க. இந்த மாசம் பூரா ரெண்டு பேருக்கும் சேதி சரியாவே போகலை, முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காங்க. ஏரிக்கு மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போங்க. ஒரே படகுல உட்கார்ந்தா மனசு மாறும்" என்றாள் மனைவி. வேண்டாம் என்று தகட்டில் எழுதுவதற்குள் சமையலறைக்குப் போய்விட்டாள். வாயில்லாதவன் பேச்சு அம்பலம் ஏறாது.

அது கண்ணாடி மாதிரி ஏரி. மூன்று ஆள் ஆழத்தில் கிடக்கும் கூழாங்கல்லின் வரிகூடத் தெரியும். அழகுதான், ஆனால் மீன் பிடிக்க இதைவிடக் கேடுகெட்ட இடம் கிடையாது. நமக்கு மீன் தெரிகிற மாதிரி மீனுக்கு நாமும் தெரிவோம். தூண்டில் முள்ளில் கோத்த ரொட்டி உருண்டையைப் பார்க்கும், கயிற்றைப் பார்க்கும், கயிற்றின் மறுமுனையில் உள்ள மூஞ்சியைப் பார்க்கும், திரும்பிப் போகும். தப்பித் தவறி ஒன்று மாட்டினாலும் எடை பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆகவே அந்த மீன்கள் எல்லாம் ஏற்கனவே இரண்டு மூன்று முறை பிடிபட்டு அனுபவப்பட்டவை.

படகுக்காரருக்குச் சட்டங்கள் அதிகம். செல்போனையெல்லாம் கரையில் ஒரு தகரப் பெட்டியில் போட்டுவிட வேண்டும், மீன் மிரளுமாம். சத்தம் போடக் கூடாது. படகு காற்றுக்கு நகரக் கூடாது. அதற்காக ஏரி நடுவில் ஒரு இரும்புக் குழாய் நட்டு வைத்திருந்தார். படகின் மூக்கிலிருந்து ஒரு சங்கிலியைக் கொண்டுபோய் அதில் பூட்டிவிட வேண்டும். பூட்டையும் சாவியையும் அவர் நீட்டியதும் என் வீட்டு வழக்கப்படி பங்கு பிரிந்தது. பூட்டை அண்ணன் வாங்கிக்கொண்டார், சாவியைத் தம்பி வாங்கிக்கொண்டான். நான் துடுப்பை வாங்கிக்கொண்டேன்.

குழாய்க்கு வந்து சேர்ந்தோம். அண்ணன் பூட்டைக் குப்புறத் திருப்பி, மேலே திருப்பி, "இதெல்லாம் ஒரு பூட்டு" என்று சொல்லிவிட்டு அழுத்தினார். பிறகு இருவரும் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். நடுவில் நான், மடியில் தகடு, காலடியில் ஸ்பிரிட் புட்டி. வெயில் ஏற ஆரம்பித்தது. ஒரு தக்கையும் அசையவில்லை.

அரை மணி நேரம் கழித்து அண்ணன் என் முழங்காலைத் தட்டினார். "மாப்பிள்ளை, அவன் தக்கை என் பக்கம் மிதந்து வருது. இன்னொரு தடவை வந்தா அவன் தலையில ஒரு வாளி தண்ணியைக் கொட்டுவேன்னு சொல்லுங்க."

நான் எழுதினேன்: வெயில் ஏறுது, தலையில் துண்டை நனைச்சுப் போட்டுக்கோன்னு அண்ணன் சொல்றார்.

தம்பி படித்தான். துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் பொறுத்து, "மாமா, அந்த ஆளு தூண்டில் பிடிக்கிற லட்சணத்தைப் பாருங்க. ஒட்டடை அடிக்கிற மாதிரி" என்றான். ஸ்பிரிட்டால் துடைத்தேன். எழுதினேன்: நீங்க தூண்டில் பிடிக்கிற அழகே தனின்னு தம்பி சொல்றான். அண்ணனுக்குக் கிட்டத்தில் எழுத்து தெரியாது. கையை நீட்டி, தகட்டை எட்டப் பிடித்துப் படித்தார். முதுகு ஒரு அங்குலம் நிமிர்ந்தது. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அவர் கை வலித்தும் தூண்டிலைத் தாழ்த்தவே இல்லை.

இப்படியே போனது காலை. பதினோரு மணிக்கு ஒரு பெரிய கெண்டை வந்தது. குழந்தை அளவு இருக்கும். மூன்று தூண்டிலையும் வரிசையாகப் பார்வையிட்டுவிட்டுப் படகு நிழலில் வந்து நின்றுகொண்டது. என் ரொட்டி உருண்டையைத் தன் வாலால் தள்ளிவிட்டது. எனக்குச் சத்தம் போட்டுத் திட்ட வேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் தம்பி மெல்லக் கேட்டான். சாவி வளையத்தை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே, தண்ணீரைப் பார்த்தபடி கேட்டான். "மாமா, எல்லாம் விசாரிக்கிறார், அக்கறையா இருக்கார். அன்னைக்குப் பேசினதைப் பத்தி மட்டும் ஆறு வருஷமா ஒரு வார்த்தை இல்லையே. இன்னைக்காவது சொல்வாரான்னு கேளுங்க."

தம்பி ஒரு வார்த்தை எதிர்பார்க்கிறான் என்று எழுதி அண்ணனிடம் காட்டினேன். "ஒரே வார்த்தைதானே? 'குதி'ன்னு சொல்லுங்க. ஏரி பக்கத்துலதான் இருக்கு" என்றார்.

இதை எப்படித் திருத்துவது? துடைத்தேன். யோசித்தேன். பெரிய எழுத்தில், தகடு நிறைய எழுதினேன்: அன்னைக்கு நான் பேசினது தப்புதான், மனசுல வச்சுக்காதேன்னு அண்ணன் சொல்றார்.

அதைத் தம்பி பக்கம் திருப்பப் போன நேரம் பார்த்து அந்தக் கெண்டைக்கு என்ன தோன்றியதோ, அண்ணனின் ரொட்டி உருண்டையைக் கவ்விவிட்டது. அண்ணன் துள்ளி எழுந்தார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. தம்பி விரலிலிருந்து சாவி பறந்தது. என் மடியிலிருந்து தகடு வழுக்கியது. மீனும் முள்ளைத் துப்பிவிட்டுக் கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாகப் போய்விட்டது.

மூவரும் படகு ஓரத்தில் கையை ஊன்றிக் கீழே பார்த்தோம். சாவி இரண்டு கூழாங்கல்லுக்கு நடுவில் மின்னிக்கொண்டு கிடந்தது. கை நீட்டினால் எடுத்துவிடலாம் போல இருந்தது, ஆனால் ஆழம் மூன்று ஆள். எங்கள் குடும்பத்தில் நீச்சல் தெரிந்தவள் என் மனைவி ஒருத்திதான். தகடு இப்படியும் அப்படியும் ஆடி ஆடி இறங்கி, சாவிக்குப் பக்கத்தில், எழுத்து மேலே தெரியும்படி மல்லாந்து படுத்துக்கொண்டது. பார்சல் பேனாவின் மை ஒரு புள்ளிகூடக் கரையவில்லை. குப்புற விழுந்திருக்கக் கூடாதா?

தம்பி படித்தான். உதடு துடித்தது. ஒரு காதுப் பஞ்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கிட்டத்து எழுத்து தெரியாத அண்ணனுக்கு மூன்று ஆள் ஆழத்து எழுத்து துல்லியமாகத் தெரிந்தது. அவரும் படித்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறக்காமலே கெட்டேன்.

"மாப்பிள்ளை, இது எந்த அண்ணன்?" என்று என் காதோரம் குனிந்து முணுமுணுத்தார்.

நான் வானத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

"முதல்ல பூட்டைத் திறக்கிற வழியைப் பாக்கறேன். அப்புறம் இருக்கு உங்களுக்கு" என்றவர் கரையைப் பார்த்து, "ஏய் படகுக்காரரே!" என்று கத்தினார். கரையில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த படகுக்காரர் எழுந்து நின்றார். ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். இரண்டாம் தடவை கத்தியதற்கு மீன் அடிக்கும் தடியைத் தூக்கிக் காட்டினார். மீனை அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்ட இடத்தில் அந்தத் தடி எதற்கு என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இனி பூட்டைக் கம்பியால்தான் திறக்க வேண்டும். படகில் கிடந்த கைவலையின் பிடியிலிருந்து அண்ணன் இரண்டு கம்பியை முறித்தார். ஒன்றால் பூட்டுக்குள் இருக்கும் ஊசிகளை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும், அதே நேரம் இன்னொன்றால் சாவியைத் திருப்புகிற மாதிரி லேசாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கடையில் மேஜை மேல் வைத்து ஒரே ஆள் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலைதான். இங்கேயோ பூட்டு படகின் மூக்குக்குக் கீழே தண்ணீரைத் தொட்டபடி தொங்குகிறது. குப்புறப் படுத்து, ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் ஒரு கைதான். ஆக, ஆளுக்கு ஒரு கை, ஆளுக்கு ஒரு கம்பி. இருவரும் தோளோடு தோள் இடிக்கப் படுத்தார்கள். விழுந்துவிடாமல் இருவருடைய இடுப்பு பெல்ட்டையும் நான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன்.

அப்போதும் பேச்சு இல்லை. அண்ணன் காலால் என் முழங்காலில் ஒரு உதை விட்டால், அழுத்தச் சொல் என்று அர்த்தம். நான் தம்பியின் பெல்ட்டை ஒருமுறை இழுப்பேன். இரண்டு உதை என்றால், விடச் சொல். இரண்டு இழுப்பு. தம்பிக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவன் என்னை உதைப்பான், நான் அண்ணனின் பெல்ட்டை இழுப்பேன். பத்து நிமிடத்தில் என் இரண்டு முழங்காலும் வீங்கிவிட்டன. அண்ணன் ஒரு உதை விட்ட அதே நொடியில் தம்பி இரண்டு விட்டான். எது யாருக்கு என்று குழம்பிப் போய் இருவரையும் சேர்த்து இழுத்துவிட்டேன்.

தம்பி அழுத்து அழுத்தென்று அழுத்தினான். கம்பி வில்லாக வளைந்தது.

"மெல்லடா! உடைஞ்சுடப் போகுது!" என்று அண்ணன் கத்தினார்.

ஆறு வருடத்தில் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. பஞ்சு எடுத்த காதில் போய் விழுந்தது. தம்பியின் முதுகு விறைத்துவிட்டு மெல்லத் தளர்ந்தது.

"மெல்லத்தான் பிடிச்சிருக்கேண்ணா. நீங்க ரெண்டாவது ஊசியைத் தூக்கவே இல்லை."

"தூக்கியாச்சு."

"இல்லை. தூக்கியிருந்தா என் கையில ஒரு தட்டுத் தட்டும்."

அண்ணன் தன் காதுப் பஞ்சைத் தானே பிடுங்கித் தண்ணீரில் எறிந்தார். "இப்போ?"

"இப்போ தட்டுச்சு. மூணாவது போங்க."

"கொஞ்சம் விடு. போதும், பிடி. அப்படியே இரு."

"நாலு?"

"நாலு ஏறிடுச்சு. நீ திருப்பு."

பூட்டு திறந்துகொண்டது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள், அந்த இரண்டு கையும் ஒரே ஆளின் கை மாதிரி இருந்ததை நான் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்தது என் முறை என்பதும் தெரியும். பெல்ட்டை விட்டுவிட்டு இருவரையும் ஏரிக்குள் தள்ளிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

இருவரும் எழுந்து உட்கார்ந்தார்கள், ஆறு வருடத்துக்குப் பிறகு எதிரும் புதிருமாக.

"அண்ணா, நானும் அன்னைக்குச் சிரிச்சிருக்கக் கூடாது" என்றான் தம்பி. "நீங்க இப்படி மன்னிப்புக் கேட்டது எனக்கு ரொம்ப..."

"நான் எங்கடா கேட்டேன்? உன்னை ஏரியில குதிக்கச் சொன்னேன்."

தம்பி விழித்தான். "அப்போ துண்டை நனைச்சுப் போட்டுக்கச் சொன்னது?"

"வாளித் தண்ணியைத் தலையில கொட்டுவேன்னு சொன்னேன். நான் தூண்டில் பிடிக்கிற அழகு தனின்னு நீ சொன்னியே?"

"ஒட்டடை அடிக்கிற மாதிரின்னு சொன்னேன்."

"போன வருஷம் என் கண் ஆபரேஷன் அன்னைக்கு, உள்ளே வர வெக்கப்பட்டு ஆஸ்பத்திரி வாசல்லயே மூணு மணி நேரம் நின்னியே, அது?"

"நான் ஆஸ்பத்திரிப் பக்கமே வரலையே. எனக்கு ஆபரேஷன்னே தெரியாது. என் முதுகு வலிக்கு நீங்க தைலம் கொடுத்தனுப்பினது?"

"எந்தத் தைலம்?"

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். வாசலில் மூன்று மணி நேரம் நின்றவன் நான்தான். தைலம் வாங்கியவனும் நான்தான். சொல்ல வாய் இல்லை, எழுதத் தகடு இல்லை. அது கீழே கிடந்து இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆறு வருஷமா நான் யாரை நினைச்சுடா மனசு இளகிட்டு இருந்தேன்?" என்று அண்ணன் கேட்டார். குரல் கம்மியிருந்தது. இருவரும் தண்ணீரையே பார்த்தார்கள். முடிந்தது, கரை சேர்ந்ததும் இரண்டு பேரும் இரண்டு திசையில் நடப்பார்கள், வீட்டில் என் மனைவி கதவைத் திறந்துகொண்டு வந்து எங்கே அவங்க என்று கேட்பாள், என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "இனிமே இந்த மனுஷனோட எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது."

"எனக்கும் கிடையாது" என்றான் தம்பி.

"என்ன துணிச்சல் இருக்கணும், நம்ம ரெண்டு பேரையும் இப்படி..."

"அதானேண்ணா! நம்மளை என்னன்னு நினைச்சார்?"

நம்ம என்று இருவரும் சொன்னதை நான் கவனித்தேன். அவர்கள் கவனிக்கவில்லை. எப்போது இடம் மாறினார்களோ, தோளோடு தோள் ஒட்டி ஒரே பலகையில் உட்கார்ந்துகொண்டு, என்னைத் தவிர ஏரியில் இருக்கும் எல்லாவற்றையும் பார்த்தார்கள். படகு பூட்டிலிருந்து விடுபட்டு மெல்ல நகர ஆரம்பித்திருந்தது. கரையில் படகுக்காரர் தடியோடு எழுந்து நின்றார்.

அண்ணன் தம்பியின் முழங்காலைத் தட்டினார். "அந்தப் பொய் மூட்டைகிட்ட சொல்லு. உட்கார்ந்து முழிச்சது போதும், வாயைத்தான் மூடியிருக்கான், கையுமா செத்துப் போச்சு? துடுப்பைப் போடச் சொல்லு."

தம்பி என் பக்கம் திரும்பினான். என் முகத்தைப் பார்த்தான். வீங்கிக் கிடந்த முழங்காலையும் பார்த்தான். ஒரு நொடி தயங்கினான். அந்தத் தயக்கம் எனக்கு நன்றாகத் தெரியும், ஆறு வருடமாக நான் தயங்கிய தயக்கம்.

"மாமா, உங்களுக்குக் கை வலிக்கலைன்னா கொஞ்சம் துடுப்புப் போட முடியுமான்னு அண்ணன் கேக்கறார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கை வலிக்கத்தான் செய்தது. இல்லை என்று தலையாட்டிவிட்டுத் துடுப்பை எடுத்துப் போட்டேன்.